கரை மட்டும் போதாது, வடிகாலும் வேண்டும்!
திருவிடந்தை கடலோரக் கழனிகளுக்கு மழைக்காலம் சொல்லும் பாடம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டியதும் வருகிறது திருவிடந்தை. கல்யாணம் கைகூட வேண்டி நித்ய கல்யாணப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் கடலையும் சவுக்குத் தோப்பையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஊருக்கு இரு பக்கமும் தண்ணீர் என்பது ஊர்க்காரர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். கிழக்கே வங்காள விரிகுடா, மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். வீடு, கிணறு, கொல்லை எல்லாம் நடுவில் இருக்கும் மணல் மேட்டை நம்பித்தான் இருக்கின்றன.

இப்படிப்பட்ட ஊருக்கு வரும் வெள்ளம் ஒரே வகை அல்ல. புயலோடு ஏறி வரும் உப்பு நீர் ஒன்று. ஏரிகள் நிரம்பி மேற்கிலிருந்து இறங்கும் மழை நீர் இன்னொன்று. முதலாவதைத் தடுக்கக் கரை வேண்டும். இரண்டாவது வெளியேற அதே கரையில் வழி வேண்டும். வழியில்லாத கரை, கழனியைத் தொட்டியாக்கிவிடும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் மழை பெய்தால் சேரும் தண்ணீர் சுமார் 1 லட்சம் லிட்டர். பத்து அங்குலம் பெய்து அது ஒரு வாரம் நின்றால், சம்பா நாற்று அழுகப் போதும்.

கால்வாய் வெட்டியது படகுக்காக

பக்கிங்காம் கால்வாயின் முதல் பகுதி 1806-ல் சென்னைக்கு வடக்கே வெட்டப்பட்டது. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகப் பணிகள் விரிவடைந்தன. அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் நிலைத்தது. உப்பு, விறகு, நெல் ஏற்றிய படகுகள் போகவே இது வெட்டப்பட்டது. வெள்ளத்தைக் கடத்துவதற்காக அல்ல. ஆனால் கடலுக்கு இணையாக ஓடுவதால், மேற்கிலிருந்து வரும் மழை நீரெல்லாம் இதில்தான் விழுகிறது. 2004 சுனாமியின்போது கரை ஏறிய கடல் நீரில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு பல ஊர்களுக்கு உதவியதும் இந்தக் கால்வாய்தான்.

தையூர் போன்ற ஏரிகளின் உபரி நீர் கலங்கல் வழியாக இறங்கி, கால்வாயையும் கழியையும் சேர்ந்து, முட்டுக்காடு முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். வாய்க்கால் ஆக்கிரமிப்பு, கால்வாயில் ஆகாயத்தாமரை, சாலைக்கு அடியில் சிறிய குழாய், முகத்துவாரத்தில் மணல் திட்டு என்று வழியில் எங்கே அடைத்தாலும் தண்ணீர் பின்வாங்கி நிற்கும். தன் வயலின் வரப்பை மட்டும் உயர்த்தியவர் அப்போது தப்ப முடியாது.

கடல் உயரும் மாதமே மழை மாதம்

வங்கக் கடலோரத்தில் ஆண்டு முழுவதும் கடல் மட்டம் ஒரே அளவில் இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நீரோட்டத்தாலும் காற்றாலும் அது மற்ற மாதங்களைவிட உயர்ந்தே நிற்கும். நமக்குப் பெருமழை பெய்வதும் அப்போதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் இன்னும் ஏறும். சென்னைக் கடலோரத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 1 மீட்டர் வித்தியாசம் இருக்கும். 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரம் அருகே மாண்டஸ் புயல் கரையைக் கடந்ததுபோல ஒரு புயலும் சேர்ந்துகொண்டால், முகத்துவாரத்தில் தண்ணீர் இறங்காமல் எதிர்த்து ஏறும்.

ஓதம் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். வற்றுகிற சில மணி நேரம்தான் வயல் நீர் வெளியேறக் கிடைக்கும் வாய்ப்பு. ஆகவே கடலோர மதகுக்கு ஒருவழிக் கதவு நல்லது. உள்ளே தண்ணீர் உயர்ந்தால் அது வெளிப்பக்கம் தள்ளித் திறக்கும். வெளியே உப்பு நீர் உயர்ந்தால் தானே மூடிக்கொள்ளும். ஒரு கட்டை சிக்கினாலும் மூடாது என்பதால், மழைக்கு முன்னும் ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் அதைச் சுத்தம் செய்ய ஓர் ஆள் பொறுப்பில் இருக்க வேண்டும்.

மணல் மேடும் ஒரு கரைதான்

கடலோர மணல் மேடு யாரும் செலவு செய்யாமல் கிடைத்த கரை. அடப்பங்கொடியும் ராவணன் மீசையும் தாழையும் மணலைப் பிடித்து வைக்கின்றன. பின்னால் நிற்கும் சவுக்கு காற்றின் வேகத்தைக் குறைக்கிறது. மேட்டை வெட்டி வழி விட்டால் அலை அந்த இடைவெளியில்தான் நுழையும்.

கிணற்றுக்கும் இந்த மேடுதான் காவல். மழை நீர் மணலில் இறங்கி, கனமான உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்பு நீர் தள்ளி நிற்கும் என்பது கணக்கு. மணலை அள்ளினாலும் அதிகமாக இறைத்தாலும் உப்பு மேலே ஏறும்.

கதவைத் திறப்பது யார்?

கேரளத்தின் குட்டநாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிறது. அங்கே ஒவ்வொரு பாடசேகரத்து விவசாயிகளும் சேர்ந்து கரையைக் காத்து, தண்ணீரை இறைக்கிறார்கள். ஆனால் உப்பு நீரைத் தடுக்கக் கட்டிய தண்ணீர்முக்கம் தடுப்பணையின் கதவுகளை எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதில் நெல் விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் பல ஆண்டுகளாக இழுபறி. நெல்லுக்கு உப்பு வரக்கூடாது, மீனுக்கும் இறாலுக்கும் கடல் நீர் வந்து போக வேண்டும். நெதர்லாந்திலோ பல நூற்றாண்டுகளாக நீர் வாரியங்களே கரை, வடிகால் இரண்டையும் கவனிக்கின்றன. அவற்றுக்குத் தனித் தேர்தலும் தனி வரியும் உண்டு.

இது நமக்குப் புதிதல்ல. இதே தொண்டை மண்டலத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலக் கல்வெட்டில், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியம் பற்றிய செய்தி இருக்கிறது.

கோவளம் அருகே திருப்போரூர் வட்டத்தில் புதிய நீர்த்தேக்கம் அமைக்கும் திட்டம் 2025-26 மாநில நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. மாமல்லன் என்று பெயரிடப்பட்டுள்ள இதன் கொள்ளளவு சுமார் 1.6 டி.எம்.சி. மழை நீர் கடலுக்கு வீணாகாமல் சென்னையின் குடிநீருக்கு உதவும் என்கிறது அரசு. கழியை நம்பி மீன், இறால் பிடிப்பவர்கள் தங்கள் பிழைப்பு போய்விடும் என்று எதிர்க்கிறார்கள். கரையோர விவசாயிகளும் கேட்டு வாங்க வேண்டிய பதில்கள் உண்டு. இதுவரை கழியில் பரவி நின்ற வெள்ளம் இனி எங்கே போகும்? எங்கள் கழனி நீர் எந்த மதகு வழியாக வடியும்? கதவு திறக்கும் முன் தகவல் சொல்வது யார்? கிராம சபையிலும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் இவற்றை எழுத்தில் கேட்கலாம்.

புரட்டாசிக்குள் முடிக்க வேண்டியவை

* 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். மனு சரியான இடத்துக்குப் போகட்டும்.
* கலங்கல் முதல் கால்வாய் வரை ஊரார் சேர்ந்து ஒருமுறை நடந்து பார்த்து, அடைப்புகளைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
* கரையில் நண்டு வளை, எலி வளை இருந்தால் தோண்டி, களிமண் இட்டு இடித்துக் கெட்டிக்க வேண்டும். மேலாக மண் தூவி மூடினால் உள்ளே ஓட்டை அப்படியே இருக்கும்.
* கரையின் சரிவில் அருகம்புல் அல்லது வெட்டிவேர் வைக்கலாம்.
* வெள்ள நேரத்தில் கரைக்கு வெளியே ஊற்று கிளம்பி, கலங்கிய நீர் வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். ஊற்றுவாயை அடைக்கக் கூடாது. சுற்றிலும் மணல் மூட்டைகளை வளையமாக அடுக்கி, நீர் தெளிந்து வரும்வரை உயர்த்த வேண்டும். உடனே அதிகாரிகளுக்குத் தகவல் போக வேண்டும்.

உப்பு நீர் புகுந்துவிட்டால்

முதலில் வடிக்க வேண்டும். பிறகு நல்ல மழை நீரைத் தேக்கி, நிறுத்தி, வடிப்பதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். அதன்பின் மண் பரிசோதனை. மண்ணின் உப்பு அளவு 3 டெசி சைமனுக்கு மேல் போனால் நெல் மகசூல் குறையத் தொடங்கும். வெறும் உவர் என்றால் கழுவினாலே போதும். களர் என்று முடிவு வந்தால் மட்டும் ஜிப்சம். பரிசோதிக்காமல் ஜிப்சம் வாங்குவது வீண் செலவு. தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மண் தேறும். அடுத்த போகத்துக்குத் திருச்சி 1, திருச்சி 3, கோ 43 போன்ற உவர் தாங்கும் ரகங்கள் ஏற்றவை.

ஆனால் கழுவிய உப்பும் வெளியேறியாக வேண்டும். அதற்கும் வடிகால்தான் வழி. இந்த ஆண்டு வரப்பில் ஒரு கூடை மண் போடும் முன், தன் வயல் நீர் எந்த வழியாகக் கடலைச் சேர்கிறது என்று ஒவ்வொருவரும் ஒருமுறை நடந்து பார்த்துவிடுவது நல்லது.