விரல்தட்டலால் வாசிப்பு வருமா? பலேர்மோ தமிழ்ப் பெற்றோர் முன்னுள்ள கேள்வி

இத்தாலியின் சிசிலித் தீவின் தலைநகரான பலேர்மோவில், ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்க் குடும்பங்கள் பெல்லெகிரினோ மலையேறி, புனித ரொசாலியாவின் குகைத் தேவாலயத்தில் மெழுகுதிரி ஏற்றுவதைக் காணலாம். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு, சைவர்களும் உண்டு. 1624ஆம் ஆண்டு நகரைத் தாக்கிய கொள்ளைநோயை நீக்கியவர் என்று பலேர்மோ மக்கள் நம்பும் இப்புனிதையிடம், வதிவிட அனுமதி, வேலை, பிள்ளைகளின் படிப்பு என்று தமிழர்களும் தங்கள் கவலைகளைக் கொண்டு செல்கிறார்கள்.

அந்த மலையடிவாரத்தில் ஒரு தாய் அண்மையில் என்னிடம் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். மூன்றாம் வகுப்பு முடிக்கப்போகும் அவருடைய மகன், புத்தகத்தைத் திறந்தாலே வயிற்றுவலி என்கிறான். "முகத்திலயும் கையிலயும் விரலால தட்டினால் பிள்ளைக்கு வாசிப்பு வரும் எண்டு வீடியோவில சொல்லுகினம். உண்மையோ அண்ணை?"

அவர் குறிப்பிட்டது 'உணர்வு விடுதலை நுட்பம்' என்ற பெயரில் உலகெங்கும் பரவியுள்ள முறையை. 1980களில் அமெரிக்க உளவியலாளர் ரோஜர் கல்லஹன் உருவாக்கிய ஒரு சிகிச்சையை, பொறியியல் படித்த கேரி கிரெய்க் என்பவர் 1990களில் எளிமைப்படுத்தினார். முதலில் அச்சத்தின் அளவைப் பூச்சியம் முதல் பத்து வரை மதிப்பிடச் சொல்கிறார்கள். பின்னர் உள்ளங்கையின் ஓரத்தைத் தட்டியபடி, 'எனக்கு வாசிக்கப் பயமாக இருக்கிறது, ஆயினும் என்னை நான் ஏற்றுக்கொள்கிறேன்' என்பது போன்ற ஒரு வாக்கியத்தைக் கூறவேண்டும். அடுத்து புருவம், கண்ணோரம், மூக்கின் கீழ், தாடை, காறை எலும்பு, அக்குளின் கீழ், உச்சந்தலை எனத் தட்டிச் செல்லவேண்டும். சீன மருத்துவம் பேசும் உயிராற்றல் பாதைகள் இதனால் சீராகின்றன என்பது இம்முறையினரின் விளக்கம்.

விளக்கம் வேறு, விளைவு வேறு. 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், கனடாவின் ஆய்வாளர்களான வெய்ட்டும் ஹோல்டரும் பல்கலைக்கழக மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழு உரிய புள்ளிகளில் தட்டியது. இன்னொரு குழு கையில் தொடர்பற்ற இடங்களில் தட்டியது. மூன்றாவது குழு ஒரு பொம்மையைத் தட்டியது. நான்காவது குழு தட்டவே இல்லை. முதல் மூன்று குழுக்களிலும் அச்சம் குறைந்தது, நான்காவதில் குறையவில்லை. பொம்மையைத் தட்டினாலும் பலன் கிடைக்கிறதென்றால், உடலின் ஆற்றல் பாதைகளுக்கு அங்கே வேலையில்லை. அச்சத்தை வாய்விட்டுச் சொல்வது, கவனத்தை ஒரு சீரான அசைவில் நிறுத்துவது, அக்கறையுள்ள ஒருவர் அருகிலிருப்பது ஆகியவையே பயன் தந்திருக்கக் கூடும். அதற்குப் பின்னர் வந்த சில சோதனைகளும் பதற்றம் குறைவதாகக் கூறியுள்ளன. ஆனால் அவற்றிற் பல சிறியவை. இம்முறையைப் பரப்புபவர்களே நடத்தியவையும் அவற்றில் உண்டு.

ஆகவே அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதில் இரண்டு பகுதிகளைக் கொண்டது. பயத்தைத் தணிக்கத் தட்டலாம், கேடு ஒன்றுமில்லை. பயந்த மனம் எழுத்துக்களை நினைவில் தாங்கிக்கொள்ள இடம் தராது என்பதும் மெய்யே. ஆனால் எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் திறனைத் தட்டல் கற்பிப்பதில்லை. பெரும்பாலான பிள்ளைகளிடம் முதலில் வருவது வாசிப்புத் தடுமாற்றம்; வகுப்பின் சிரிப்பும் வீட்டின் ஏச்சும் சேர்ந்து அதன்மேல் பயத்தை வளர்க்கின்றன. பயத்தை மட்டும் போக்கினால், நாளை அதே பக்கத்தில் அதே பயம் திரும்பும்.

பலேர்மோவில் இச்சிக்கலுக்கு இன்னொரு முகம் உண்டு. இத்தாலிய எழுத்துமுறை ஒலியோடு நெருங்கியது. 21 எழுத்துக்களைக் கொண்டு ஏறக்குறைய எல்லாவற்றையும் எழுதியபடியே வாசித்துவிடலாம். டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உள்ள ஆங்கிலச் சிறுவன் சொற்களைப் பிழையாக வாசிப்பான். அதே குறைபாடுள்ள இத்தாலியச் சிறுவன் பெரும்பாலும் சரியாகவே, ஆனால் மிக மெதுவாக வாசிப்பான். மிலான் ஆய்வாளர் பவுலேசுவின் குழு 2001ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய மூன்று மொழியினரிடமும் மூளையின் இடப்பக்கத்தில் ஒரே வகையான செயற்குறைவைக் கண்டது. வேர் ஒன்றே, மொழிக்கேற்பத் தோற்றம் மாறுகிறது. இதனாலேயே இத்தாலியில் வாசிப்பைச் சோதிப்பவர்கள் ஒரு நொடிக்கு எத்தனை அசைகள் என்று வேகத்தை அளக்கிறார்கள். மகன் பிழையின்றி வாசிப்பதைக் கேட்கும் பெற்றோர், "பஞ்சியில இழுத்து வாசிக்கிறான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

வார இறுதித் தமிழ் வகுப்பும் குறைபாட்டை மறைக்கவே உதவுகிறது. தமிழில் 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது, உயிரொலி பின்னே வருகிறது. 'கொ' என்பதிலோ கொம்பும் காலும் மெய்யை இருபுறமும் சூழ்கின்றன. ஒலிகளைப் பிரித்தறியத் தடுமாறும் பிள்ளைக்கு இது பெரிய சோதனை. ஆனால் நாம் மனனத்தைப் போற்றும் சமூகம். குறள் ஒப்புவிக்கும் போட்டியில் பரிசு வாங்கும் பிள்ளைக்கு அதே குறளை அச்சில் காட்டினால் வாசிக்கத் தெரியாதிருக்கலாம் என்று யாரும் ஐயுறுவதில்லை. தமிழகத்தில் 1990களின் தொடக்கம் முதல் இயங்கிவரும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம், இத்தகைய பிள்ளைகள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர் என்பதைப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் விளக்குவதைத் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது.

இத்தாலியச் சட்டம் இதில் தெளிவானது. 1977ஆம் ஆண்டின் 517ஆம் இலக்கச் சட்டம், தனி வகுப்புக்களை ஒழித்து எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் அமர்த்தியது. 2010 அக்டோபரில் வந்த 170ஆம் இலக்கச் சட்டம், அறிவாற்றலில் குறைவில்லாத பிள்ளைகளிடமும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் இத்தகைய குறைபாடு இருக்கலாம் என ஏற்று, அவர்களுக்குத் தனிப்பயிற்றுத் திட்டம், பாடத்தை வாசித்துக் காட்டும் கணினிக் குரல், கணிப்பொறி, தேர்வில் கூடுதல் நேரம் ஆகியவற்றுக்கு வழிவகுத்தது. சிறப்புப் பயிற்சிக்குப் பின்னரும் தடுமாற்றம் நீடித்தால், பள்ளி அதனைப் பெற்றோருக்கு அறிவிக்கவேண்டும். ஆனால் குறைபாட்டை உறுதிசெய்ய வேண்டியவர்கள் பொதுச் சுகாதாரத் துறையின் வல்லுநர்கள். அவர்களின் சான்றிதழ் இன்றேல் இச்சட்டத்தின் உரிமைகள் கைக்கு வாரா.

இங்கேதான் குடியேறியவர்களின் பிள்ளைகள் இடையில் விழுகிறார்கள். கல்வி அமைச்சு 2012 டிசம்பர் 27ஆம் தேதி வெளியிட்ட பணிப்புரை, மொழி, பண்பாடு காரணமாகப் பின்தங்கும் மாணவர்களுக்கும் சிறப்பு உதவி தரலாம் என்கிறது. நல்ல ஏற்பாடுதான். எனினும் அதன் நிழலில், "வீட்டில் தமிழ் பேசுகிறீர்கள், அதனால்தான் பின்தங்குகிறான், போகப் போகச் சரியாகும்" என்று ஆசிரியை சொல்லிவிட, பெற்றோரும் ஆறுதலடைந்து காத்திருப்பது எளிது. மறுபுறம், மொழி போதாமையையே குறைபாடு என்று முத்திரை குத்தும் ஆபத்தும் உள்ளது. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு பயனுள்ள கேள்வி, பிள்ளை தமிழிலும் அவ்வாறே தடுமாறுகிறானா என்பது. இதற்கு விடை தெரிந்தவர் தாயும் ஞாயிறுத் தமிழாசிரியையும் மட்டுமே. அதை வல்லுநரிடம் அவர்கள் சொல்லாவிட்டால் வேறு எவரும் சொல்லப்போவதில்லை.

'சான்றிதழ்' என்ற சொல்லே நம்மவரைப் பின்வாங்கச் செய்கிறது. மனநலத் துறையின் வாசலில் மகனுடன் நிற்பதை ஊரார் பார்த்துவிட்டால் என்னாவது என்ற அச்சம். வீட்டு வேலைக்கும் முதியோர் பராமரிப்புக்கும் செல்லும் தாய்க்கு அரை நாள் ஊதியத்தை இழக்கும் கணக்கும் உண்டு. பத்து நிமிடத்தில், இலவசமாக, கதவைச் சாத்திக்கொண்டு செய்துவிடக் கூடிய விரல்தட்டல் இவற்றின் நடுவே கவர்ச்சியாகத் தெரிவதில் வியப்பில்லை. அதன் உண்மையான விலை, அது பலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கையில் கழியும் மாதங்கள்.

டிஸ்லெக்சியாவை இத்தாலிய வல்லுநர்கள் பொதுவாக இரண்டாம் வகுப்பின் இறுதிக்கு முன் உறுதிசெய்வதில்லை. அதற்குப் பின்னர் தாமதிப்பதற்குக் காரணமுமில்லை. மலையடிவாரத்தில் தாயின் கையைப் பிடித்து நின்ற அச்சிறுவன், அந்த எல்லையைக் கடந்து ஏறக்குறைய ஓராண்டாகிறது.