ஓட்டைக் காலணா எப்படி வந்தது?

மலேசியாவின் கேமரன் மலையில், கம்போங் ராஜாவில் மெட்டல் டிடெக்டரோடு தங்கம் தேடுகிறவர் தப்பான மலை ஏறியிருக்கிறார். கேமரன் மலை நிற்பது மலாயாவின் பெருந்தொடர்க் கருங்கல்லில்; அந்தக் கல்லுக்கு நெருங்கிய உறவு வெள்ளீயம், தங்கம் இல்லை. பகாங் மாநிலத்தின் தங்கம் கிழக்கே இறங்கினால்தான் தொடங்குகிறது. ரவூப், செலின்சிங், கோலலிப்பிஸ் பக்கத்துப் பெஞ்சோம் என்று ஒரு பட்டையாக வடக்கே கிளந்தானுக்குள் போகிறது. ரவூப்பில் குவீன்ஸ்லாந்திலிருந்து வந்த வில்லியம் பிபி 1889ல் ஆரம்பித்த ஆஸ்திரேலியக் கம்பெனி சுரங்கம் வெட்டியது. அதற்கு மின்சாரம் கொடுக்கவே 1900ல் செம்பாம் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டினார்கள். ஆனால் கருவியோடு கிளம்புகிறவருக்குத் தங்கத்தைவிட அடிக்கடி கிடைப்பது பழைய சாமான்: ஆணி, தகரம், தோட்டாக் கூடு, காசு. அதைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது என்ன, எந்தக் காலம்?’ என்று கேட்கும்போது ரவூப் சுரங்கக் குப்பைமேடும் கம்போங் ராஜா தேயிலைச் சரிவும் ஒன்றுதான். என் வாதம் இது: அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில்தான் பொருளிடம் இருக்கிறது. மீதி அது கிடந்த இடத்தில் இருக்கிறது. இடத்தைக் குறிக்காமல் பொருளை மட்டும் பிடுங்கி வந்தவரிடம் பாதிச் சாட்சிதான் மிஞ்சும்.

முதலில் கருவியின் யோக்கியதையைப் பார்ப்போம். வட்டச் சுருளில் ஓடும் மின்சாரம் மண்ணுக்குள் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு சுழல் மின்னோட்டம் கிளம்பி, பதில் புலம் ஒன்று மேலே வருகிறது. அதைத்தான் கருவி ‘பீப்’ என்று சொல்கிறது. உலோகம் எவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்துகிறது, எவ்வளவு பெரியது, எப்படிக் கிடக்கிறது என்ற மூன்றும் அந்தச் சத்தத்தில் கலந்திருக்கும். அதனால்தான் சின்னத் தங்கக் கட்டியும், மிட்டாய் சுற்றிய அலுமினியத் தாளும், டின் வாயைத் திறக்கும் வளையமும் ஒரே குரலில் கூப்பிடும். வயசைப் பற்றி கருவிக்கு ஒன்றுமே தெரியாது. இதில் இன்னொரு வம்பு உண்டு. தங்கம் தேடுகிறவர்கள் இரும்பின் சத்தத்தை அடைத்துவிட்டு நடப்பார்கள். இரும்பு அவர்களுக்குத் தொல்லை. ஆனால் சுரங்கத்தின் சரித்திரமே இரும்பில்தான் இருக்கிறது. தாதுக்கல்லை இடித்த இயந்திர உலக்கையின் தேய்ந்த குளம்பு, பாறை துளைத்த உளி, பாதரசம் வந்த கனத்த இரும்புக் குப்பி, இவையெல்லாம் இரும்பு. இரும்பை அடைத்துவிட்டு நடந்தவர் சுரங்கத்தைத் தாண்டிப் போய்விட்டார் என்றுதான் அர்த்தம்.

பொருள் தானே சொல்லும் பாதியைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். நாலு பட்டையாகத் தட்டிய, நுனி நோக்கி ஒடுங்கும் ஆணி கொல்லன் கையால் அடித்தது. உருண்டைக் கம்பியாணி இயந்திரத்தில் இழுத்தது. அது பரவலானது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில். உணவு டின்னின் மூடியில் ஈயப் பற்றுச் சொட்டு இருந்தால் பழைய வகை. விளிம்பை மடித்துப் பூட்டியிருந்தால் 20ஆம் நூற்றாண்டு. தோட்டாக் கூட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் ஆலையின் முத்திரை இருக்கும்: விளிம்பு துருத்திய 0.303 கூட்டில் ‘கே எஃப்’ என்றிருந்தால் அது புனே பக்கத்துக் கிர்க்கி ஆலையில் செய்தது. ஆனால் இந்த அறிவு வழுக்கும் இடமும் உண்டு. பேராக், சிலாங்கூர், பகாங் பகுதிகளில் கிடைத்த தொல்கால இரும்புக் கருவிகளை ஊர்மக்கள் ‘துலாங் மாவாஸ்’, அதாவது மாவாஸ் என்ற கதைக் குரங்கின் எலும்பு என்று சொல்லி வந்தார்கள். துருப்பிடித்து வளைந்த இரும்பு எலும்பாகத் தெரிந்ததை எண்ணிச் சிரிக்கத் தேவையில்லை. துருவேறிய எந்தக் கம்பியையும் ‘பழைய வாள்’ என்று விலை சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இப்போது ஒரு காசை எடுத்துக்கொள்வோம். கம்போங் ராஜா பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயங்கள் இருந்த மேட்டில் ஒரு செப்புக்காசு கிடைக்கிறது என்று வையுங்கள். கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்களின் காலம் 1929ல் ஜே. ஏ. ரஸ்ஸல் ‘போ’ (BOH) தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்து வருகிறது. கிடைத்தது விக்டோரியா ராணி தலை போட்ட பிரிட்டிஷ் நீரிணைக் குடியேற்ற (Straits Settlements) சென் என்றால், 1890களில் அங்கே ஊர் இருந்தது என்று குதிக்க முடியாது. பழைய காசு புதுப் பையிலும் இருக்கும். காசின் ஆண்டு ஒன்றை மட்டும்தான் உறுதியாகச் சொல்லும்: இந்த ஆண்டுக்கு முன்னால் இது விழவில்லை. ஆனால் அந்த ஒன்றே பெரிய விஷயம். ஓட்டைக் காலணா கிடைத்தால் பாருங்கள். அரசர் தலை இல்லாமல், கிரீடமும் ஆண்டும் ஒரு பக்கம், இலை வளையம் மறுபக்கம், நடுவில் பெரிய துளை. இந்தியாவில் அது 1943 முதல் 1947 வரை அச்சானது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து 1945 செப்டம்பர் வரை மலாயா ஜப்பானியர் கையில். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே பயணிகள் கப்பல் கிடையாது. ஆக 1943ம் வருஷக் காலணா போருக்குப் பின்புதான் இந்த மலை ஏறியிருக்க வேண்டும். ஏற்றி வந்தது யார்? ரஜூலா கப்பலில் ஊருக்குப் போய்த் திரும்பிய தோட்டத் தொழிலாளியா, 1945ல் வந்த இந்தியப் படைச் சிப்பாயா? காசு இதற்கு வாய் திறக்காது. சுற்றி கிர்க்கிக் கூடுகளும் பித்தளைப் பொத்தானும் கிடந்தால் ஒரு பதில். லயத்துச் சாக்கடைக் கரையில், உடைந்த வளையலோடும் பித்தளைக் குங்குமச் சிமிழோடும் கிடந்தால் வேறு பதில். அந்தச் ‘சுற்றி’யைத்தான் அவசரக்காரர் தோண்டி எறிந்துவிடுகிறார்.

இதற்கு வரும் மறுப்பில் பலமானது ஒன்று உண்டு. ‘கம்போங் ராஜாவில் கலையாத மண் எங்கே இருக்கிறது? காய்கறித் தோட்டத்துக்கும் பிளாஸ்டிக் கூரைப் பூத்தோட்டத்துக்கும் மலையையே மண்வெட்டி இயந்திரம் செதுக்கியாயிற்று. மீதியை மழை வழித்துக்கொண்டு போகிறது. போதாததற்குத் தேயிலை மண் புளிப்பு மண். இரும்பும் செம்பும் அதில் அரித்துப் போகும். நான் எடுக்காவிட்டால் யாருக்கும் கிடைக்காது.’ இதில் கடைசி வாக்கியம் பல இடங்களில் உண்மை. எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மண் கலைந்துவிட்டது என்பதாலேயே இடம் அழிந்துவிட்டது என்று ஆகாது. ஏர் ஓடிய மண்ணில் ஆழத்தின் கணக்கு போய்விடும். பரப்பின் கணக்கு பெரும்பாலும் நிற்கும். பொருள் சில அடி நகரலாம், அடுத்த மலைக்குப் போகாது. இங்கிலாந்தில் 2009ல் ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலை ஒரு டிடெக்டர்காரர் கண்டது உழுத வயலில்தான். அவர் அதிகாரிகளிடம் சொன்னதால் தொல்லியலாளர்கள் வந்து துண்டு துண்டாக இடம் குறித்து எடுத்தார்கள். கம்போங் ராஜாவில் யாரும் அப்படி வரமாட்டார்கள் என்பது நியாயமான சலிப்புதான். அதற்காக ஒரு துண்டுக் காகிதத்தில், சாலையிலிருந்து எத்தனை அடி, எந்த ஓடைக்கு மேலே, எத்தனை விரல் ஆழம், கூட என்ன கிடந்தது என்று எழுத ஆள் வரவேண்டியதில்லை. கைப்பேசியே இடத்தைக் குறித்துத் தரும்.

சட்டத்தைக் காட்டி வரும் மறுப்பு வேறு வகை. மலேசியாவின் 2005ம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி, பழம்பொருள் தேடித் தோண்ட உரிமம் வேண்டும்; மரபு மதிப்புள்ளதாகத் தோன்றும் பொருள் கிடைத்தால் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும். தங்கம் போன்ற கனிமங்களோ மாநிலத்தின் கையில். இந்தியாவில் இன்னும் 1878ம் வருஷப் புதையல் சட்டம்தான். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இன்று பத்து ரூபாய்க்கு ஒரு தேநீர் கிடைப்பதே சந்தேகம்! ‘இப்படியிருந்தால் யார் சொல்வார்? பேசாமல் பையில் போட்டுக்கொள்வதுதான் புத்தி’ என்கிறார்கள். பயமுறுத்தல் மட்டும் செய்கிற சட்டம் வாயை அடைக்கும் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்தில் 1996ம் ஆண்டுச் சட்டம் புதையலைச் சொன்னவருக்கு வெகுமதி தருகிறது. சட்டப்படிப் புதையல் ஆகாத சில்லறைப் பொருள்களையும் தானாக முன்வந்து பதியும் திட்டம் 1997ல் தொடங்கியது. 10 லட்சத்துக்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. அந்த வழி இங்கேயும் வேண்டும் என்று கேட்பது சரி. அது வரும்வரை பொருளை ஊமையாக்கி வைப்பதற்கு அது சாக்கு ஆகாது. தோட்டா உயிரோடு இருந்தாலோ, குண்டு போல் எதுவும் தெரிந்தாலோ விவாதமே வேண்டாம். தொடாமல் போலீசைக் கூப்பிட வேண்டும். 1941ன் போரும் 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலக் கெரில்லாச் சண்டையும் இந்தக் காடுகளில் நடந்தவை.

‘எங்கள் பாட்டன் சாமான், எங்களுக்கு இல்லாத உரிமையா?’ என்ற கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைப்பது. நீலகிரியின் தேவாலாவும் பந்தலூரும் இதற்கு நல்ல உரைகல். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த பிரஃப் ஸ்மித் அந்தப் பக்கத்துத் தங்கத்தைப் பற்றி 1880ல் எழுதிய அறிக்கையை நம்பி, லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகப் பணம் திரட்டினார்கள். சில வருஷத்தில் குமிழி உடைந்தது. இன்று அங்கே தேயிலை. பங்குதாரர் பட்டியலும் அறிக்கையும் அச்சில் இருக்கின்றன. அங்கே கல் சுமந்தவர்களின் அன்றாடத்தைப் பற்றி அப்படி ஒன்றும் இல்லை. கேமரன் மலையிலும் இதே கதைதான். தோட்டத் துரை எழுதினார், எழுத்தரான கிராணி காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக் கணக்கு எழுதினார். லயத்துக்காரர்கள் எழுதிவைத்தது சொற்பம். அவர்கள் விட்டுப் போனது சாமான்கள்தான். பாட்டன் சாமான் என்பதாலேயே அதன் இடத்தைக் குறிக்கும் கடமை பேரனுக்கு அதிகம்.

நடுவில் ஓட்டை போட்டு அச்சான காலணாவைச் சொன்னேன். இன்னொரு வகைக் காசும் உண்டு: 1919க்குப் பிந்தைய சதுரச் சென், அதன் ஒரு மூலையில் ஆணியால் அடித்த சின்னத் துளை. துளையின் ஒரு பக்கம் பிசிறு இருக்கும், ஆணி எந்தப் பக்கமிருந்து இறங்கியது என்று தெரியும். துளையின் மேல் விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் அதில் கயிறு ஓடியிருக்கிறது, பல வருஷம் ஓடியிருக்கிறது. குழந்தையின் அரைஞாணிலா, கழுத்திலா, மாரியம்மன் கோயில் சூலத்திலா? அதைச் சொல்ல, அந்தச் சென் கிடந்தது லயத்து வாசலா, பெரட்டுக் களமா, சூலம் நட்ட மேடையா என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும்.