கதவைச் சாத்தி ஒரு மேட்ச், திறந்து வைத்து ஒரு மேட்ச்

சென்னையின் மேற்குப் புறநகரில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. ஆவடியில் வேல் டெக், பூந்தமல்லி–ஆவடி சாலையில் எஸ்.ஏ. பொறியியல் கல்லூரி, பூந்தமல்லி பக்கம் பனிமலர், இன்னும் சற்றுத் தள்ளித் தண்டலத்தில் சவீதா என்று வரிசையாக வளாகங்கள். போட்டிக் காலம் நெருங்கினால் இந்தப் பக்கத்து உடற்கல்வி இயக்குநர்களின் போன்களில் அடிக்கடி ஓடும் பேச்சு இதுதான்: "சார், சனிக்கிழமை பசங்களைக் கூட்டிட்டு வர்றீங்களா? ஒரு பிராக்டிஸ் மேட்ச் போட்டுப் பார்த்துடலாம்."

மேட்ச் நடக்கும். வகுப்பு முடிந்து காலேஜ் பஸ்களெல்லாம் கிளம்பிய பிறகு, விளக்கு போட்ட கோர்ட்டில், அணியில் இடம் கிடைக்காத முதலாமாண்டுப் பையன் ஒருவன் ஸ்கோர் அட்டையைப் புரட்ட, இரு அணிகளும் ஒன்றரை மணி நேரம் ஆடும். பார்க்க ஆள் இருக்காது. மறுநாள் அறிவிப்புப் பலகையில் முடிவும் வராது. யாரும் திட்டமிட்டு மறைப்பதில்லை. ஆனாலும் இதைக் கதவடைத்த ஆட்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் இதற்கென்றே சட்டப் புத்தகம் உண்டு. அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, சீசன் தொடங்கும் முன் ஒவ்வோர் அணிக்கும் இரண்டு முன்னோட்ட ஆட்டங்களை அனுமதித்தது. அவற்றை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். ஒன்று, டிக்கெட் விற்று, ரசிகர்களைக் கூட்டி, தொலைக்காட்சியிலும் காட்டி ஆடும் காட்சி ஆட்டம். மற்றொன்று, ரசிகரும் நிருபரும் உள்ளே வர முடியாத, ஸ்கோரை வெளியிடாத மூடிய பயிற்சி ஆட்டம். இதில் ஒரு வேடிக்கையான கட்டுப்பாடும் பல ஆண்டுகள் இருந்தது. முதல் டிவிஷன் அணி தன் தரத்திலுள்ள இன்னொரு முதல் டிவிஷன் அணியோடு மோத விரும்பினால் மூடிய அரங்கில்தான் மோத வேண்டும். ரசிகர்கள் முன்னால் ஆட வேண்டுமென்றால் கீழ் டிவிஷன் கல்லூரி ஒன்றைத்தான் அழைக்க வேண்டும். நல்ல ஆட்டம் கதவுக்குப் பின்னால் நடந்தது. ஒருதலைப்பட்சமான ஆட்டத்துக்கு ரசிகன் காசு கொடுத்தான்.

மூடிய ஆட்டத்தைப் பயிற்சியாளர்கள் விரும்புவதில் அர்த்தம் இருக்கிறது. அங்கே மேட்சை அவர்கள் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டலாம். இருபது நிமிடம் முழுமையாக ஆடிவிட்டு, ஸ்கோரை மறுபடியும் பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம். பிறகு கடிகாரத்தில் நாற்பது வினாடி வைப்பார்கள். "நீங்க ரெண்டு பாயிண்ட் பின்னாடி, பால் உங்க கையில, டைம் அவுட் ஒண்ணுதான் பாக்கி" என்று சொல்லி ஆட விடுவார்கள். முடிந்ததும் அதே நாற்பது வினாடியை எதிரணிக்குக் கொடுப்பார்கள். ஸோன் டிபென்ஸை மட்டும் பத்து நிமிடம் சோதிக்கலாம். ஐந்தாவது பௌல் வாங்கியவனையும் வெளியே அனுப்பாமல் வைத்துக்கொள்ளலாம். காயத்திலிருந்து திரும்பியவனை நான்கு நிமிடம் மட்டும் இறக்கிப் பார்க்கலாம். தோற்றால் தலைப்புச் செய்தி கிடையாது, எதிரிகளுக்கு வீடியோவும் கிடையாது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

திறந்த ஆட்டத்தில் தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு 2009 நவம்பர் 3ஆம் தேதி சிராக்யூஸ் நகரில் நடந்ததைச் சொல்லலாம். சிராக்யூஸ் பல்கலைக்கழகம் நாடறிந்த பெரிய அணி. அதே ஊரில் உள்ள சின்னக் கல்லூரி லெ மாய்ன், அப்போது இரண்டாம் டிவிஷனில் இருந்தது. காட்சி ஆட்டத்தில் லெ மாய்ன் 82–79 என்று ஜெயித்துவிட்டது. சொந்த அரங்கில், சொந்த ரசிகர்கள் முன்னால் வந்த தோல்வி. ஆனால் அதிகாரபூர்வக் கணக்கில் அந்த ஆட்டம் சேராது. அந்த சீசனை சிராக்யூஸ் 30 வெற்றி, 5 தோல்வி என்று முடித்தது. நடுவில் தேசியத் தரவரிசையில் முதலிடத்தையும் பிடித்தது. லெ மாய்ன் 2023இல் முதல் டிவிஷனுக்கே உயர்ந்தது.

பழைய கட்டுப்பாட்டைத் தளர்த்த முதலில் உதவியது தர்ம காரியம்தான். 2017 அக்டோபரில் புயல் நிவாரண நிதிக்காக கான்சாஸும் மிசௌரியும் சிறப்பு அனுமதி பெற்று ரசிகர்கள் முன்னால் ஆடின. 2012க்குப் பிறகு ஒன்றோடொன்று மோதாமல் இருந்த பரம வைரிகள். கான்சாஸ் 93–87 என்று வென்றது. நிவாரணத்துக்குப் பெரிய தொகையும் சேர்ந்தது. இப்படியான ஆட்டங்கள் பெருகி, கடைசியில் 2025–26 சீசனிலிருந்து தர்ம காரணம் காட்டாமலே இரண்டு முதல் டிவிஷன் அணிகள் பொதுவில் ஆடலாம் என்று விதியே மாறியது. அந்த அக்டோபரிலேயே கென்டக்கி, சீசனுக்கு முந்தைய தரவரிசையில் முதலிடத்தில் இருந்த பர்டூவைத் தன் அரங்குக்கு அழைத்து, 78–65 என்று வென்றது. எண்ணிக்கையில் சேராத ஆட்டம்தான், ஆனாலும் ரசிகர்கள் நல்ல கூடைப்பந்து பார்த்தார்கள்.

நமக்கும் இந்த இரண்டு வகையும் புதிதில்லை, கிரிக்கெட்டில் பார்த்திருக்கிறோம். 2025 ஜூனில் இங்கிலாந்துத் தொடருக்கு முன் இந்திய அணியும் இந்திய 'ஏ' அணியும் பெக்கன்ஹாமில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடின. அடுத்து வந்த லீட்ஸ் டெஸ்டில் இந்திய பேட்ஸ்மேன்கள் ஐந்து சதம் அடித்தும் இந்தியா தோற்றது. மாறாக, 2019 மார்ச்சில் சேப்பாக்கத்தில் சி.எஸ்.கே. தங்களுக்குள் ஆடிய பயிற்சி ஆட்டத்துக்குக் கேலரி திறந்துவிடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். மைதானத்துக்குள் ஓடிவந்த ரசிகரிடம் பிடிகொடுக்காமல் தோனி ஓடிய காட்சி பலருக்கும் நினைவிருக்கும். ரஞ்சி சீசனுக்கு முன் நடக்கும் புச்சி பாபு கோப்பையும் பல மாநில அணிகளுக்கு முன்னோட்டம்தான். 2023இல் மீண்டும் தொடங்கப்பட்ட அந்தப் போட்டி மறு ஆண்டு கோவை, சேலம், திருநெல்வேலி, நத்தம் என்று ஊர் ஊராகப் போனது.

ஆவடி, அம்பத்தூர் பக்கத்துக் கல்லூரிக் கூடைப்பந்துக்கு இப்படித் திறந்த ஆட்டம் கிடைப்பது அபூர்வம். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் மண்டலப் போட்டியில் ஆடுகின்றன. அதில் தேறியவர்கள் பல்கலைக்கழக அணிக்குப் போகிறார்கள். வேல் டெக், சவீதா போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் நேரடியாகவே தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குச் செல்கின்றன. எந்த வழியில் போனாலும் தொடக்கச் சுற்றுகள் பெரும்பாலும் நாக் அவுட். ஒரு மோசமான கால் மணி நேரம் போதும், வருடம் முழுக்க எடுத்த பயிற்சி அங்கேயே முடிந்துவிடும். அந்த முதல் ஆட்டத்தில்தான் பல பையன்களும் பெண்களும் கூட்டத்தின் கூச்சலை முதன்முதலாகக் கேட்கிறார்கள். காலி கோர்ட்டில் பத்துக்கு எட்டு ஃப்ரீ த்ரோ போடுகிறவள், எதிர்க் கல்லூரி மாணவர்கள் ரிங்குக்குப் பின்னால் நின்று கத்தும்போது பந்தை ரிம்மிலேயே அடிக்கிறாள். அந்தக் கூச்சலுக்குப் பழகக் கூட்டம்தான் வேண்டும். மூடிய பயிற்சி எத்தனை வைத்தாலும் அது கிடைக்காது.

மூடிய ஆட்டமே வேண்டாம் என்று சொல்ல முடியாது. பத்து, பன்னிரண்டு பேர் கொண்ட அணியில் புதிதாகச் சேர்ந்தவன் தயங்கித் தயங்கி ஆடும் முதல் மாதத்தை ஊர் பார்க்க வேண்டியதில்லை. லே-அப் தவறவிட்ட ஒரு நொடி அன்றிரவே இன்ஸ்டாகிராம் ரீலாகச் சுற்றும் காலம் இது. ஆகவே முதல் ஆட்டத்தை மூடி வைத்து ஆடுவது நியாயம். அதில் கைபேசிகளும் பைக்குள்ளேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கதவைச் சாத்தியும் பயனில்லை.

இரண்டாவது ஆட்டத்தைத் திறக்க வேண்டும் என்பதற்குக் காரணம் அணியின் நலன் மட்டுமல்ல. 2022இல் சென்னையில் நடந்த தேசிய சீனியர் கூடைப்பந்துப் போட்டியில் தமிழ்நாடு ஆண்கள் அணி பட்டம் வென்றது. ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித்துறை என்று வேலையோடு ஆட்டத்தையும் தரும் அணிகள் இந்த நகரத்தில் இருக்கின்றன. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. ஆனால் திருமுல்லைவாயிலிலோ பட்டாபிராமிலோ எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை, தன் வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் நல்ல கூடைப்பந்து ஆடப்படுவதைப் பார்க்காமலேயே வளர்கிறது. பார்க்காத விளையாட்டின் மேல் ஆசை வராது. பெற்றோருக்கும் அதில் நம்பிக்கை பிறக்காது.

செலவு பெரிதில்லை. கோர்ட் இருக்கிறது, விளக்கு இருக்கிறது, பக்கத்துக் கல்லூரி அணி எப்படியும் வரத்தான் போகிறது. மண்டலப் போட்டிக்கு முந்தைய சனிக்கிழமை மாலையில் ஒரு மேட்ச், தகுதி பெற்ற இரண்டு நடுவர்கள், வாசலில் ஒரு பேனர், சுற்றியுள்ள அரசுப் பள்ளிகளுக்கு ஒரு கடிதம், தேவைப்பட்டால் பிள்ளைகளை அழைத்துவர ஒரு காலேஜ் பஸ் போதும். மேற்குப் புறநகரின் கல்லூரி முதல்வர்களும் உடற்கல்வி இயக்குநர்களும் இந்தப் போட்டிக் காலத்துக்கு முன் ஒரே ஒரு பயிற்சி ஆட்டத்தையாவது ஊர்க்காரர்கள் பார்க்கத் திறந்துவிட வேண்டும்.