குப்பையை அடைச்சுக் கட்டின சுவர்... 5,000 வருஷம் தாண்டியும் நிற்கும் இரட்டைக் கல் வீடு!

சீட் பெல்ட் போட்டு, ஜன்னல் வழியா ஒரு செல்ஃபி எடுக்கிறதுக்குள்ள விமானம் தரையிறங்கிடும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில், வெஸ்ட்ரேயில் இருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்குப் பறக்க 2 நிமிஷம்கூட ஆகாது. உலகின் மிகக் குறுகிய விமான சேவை இதுதான். இறங்கி மேற்குக் கடற்கரைக்கு நடந்தால், புல்வெளிக்குள் பாதி புதைந்த மாதிரி ஒட்டி நிற்கும் 2 கல் வீடுகளைப் பார்க்கலாம். பெயர், 'நாப் ஆஃப் ஹோவர்'.

கி.மு. 3700 வாக்கிலேயே இங்கே ஒரு விவசாயக் குடும்பம் வாழ்ந்திருக்கு. வட ஐரோப்பாவில் இன்னும் நிற்கிற வீடுகளிலேயே மிகப் பழையவை இவைதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். எகிப்தின் கிஸா பிரமிடுகளைவிட சுமார் 1,000 வருஷம் சீனியர்!

சுவரில் என்ன ரகசியம்?

ஆர்க்னியில் வீடு கட்டுற அளவுக்குப் பெரிய மரங்கள் அதிகமில்லை. ஆனா, பலகை பலகையாகப் பிளக்கும் கல் தாராளமா கிடைக்கும். அதைச் சாந்தே இல்லாமல் அடுக்கி உள்ளே ஒரு சுவர், வெளியே ஒரு சுவர் எழுப்பினாங்க. நடுவில் இருந்த இடைவெளியில் போட்டது என்ன தெரியுமா? வீட்டுக் குப்பை! சாம்பல், சிப்பி ஓடு, எலும்பு, மக்கிய மண் எல்லாம் சேர்ந்து குளிர்காற்றைத் தடுத்து, அடுப்புச் சூட்டை உள்ளேயே வெச்சுக்கிட்டது. நம்ம ஃபிளாஸ்க் மாதிரி. கூரை மிஞ்சவில்லை. ஆனா, சுவர்கள் சில இடங்களில் இன்னும் 1.6 மீட்டர் உயரத்துக்கு நிற்குது.

ஏன் 2 வீடு?

பெரிய வீட்டின் உள்பகுதி 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். செங்குத்தா நட்ட கற்பலகைகள்தான் தடுப்பு. முன்னறையில் கல் திண்ணை. பின்னறையில் அடுப்பும் தானியம் அரைக்கும் கல்லும்.

பக்கத்துச் சுவரில் இருக்கும் தாழ்வான வழியில் குனிஞ்சு நுழைஞ்சா சின்ன வீடு. 3 அறை, சுவருக்குள்ளேயே கல் அலமாரிகள். இது வேலை செய்யவும் பொருள்களைச் சேர்த்து வைக்கவும் பயன்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' அப்பவே வந்தாச்சு!

காப்பாற்றியது மணல், மிரட்டுவது கடல்

கட்டும்போது கடல் இவ்வளவு பக்கத்தில் இல்லை. குடும்பம் போன பிறகு மணல் மூடி வீடுகளைப் பாதுகாத்தது. பிறகு கடல் கரையை அரிக்க, சுவர்கள் வெளியே தெரிந்தன. 1930-களில் தோண்டி எடுத்தாங்க. 1970-களில் தொல்லியல் அறிஞர் அன்னா ரிச்சி மறுபடி ஆராய்ந்தார்.

இப்போ 2 வாசலுக்கும் சில அடி தூரத்திலேயே கடல். அலையைத் தடுக்கத் தடுப்புச் சுவர் கட்டியிருக்காங்க. ஆனாலும் கரை அரிப்பு நிற்கவில்லை. டிராவல் லிஸ்ட்டில் ஆர்க்னி இருந்தா, ரொம்ப நாள் தள்ளிப்போடாதீங்க. வாசல் தாழ்வு... தலை பத்திரம்!