துடக்குக் கழியுமுன் வரும் ஆபத்து

பிறந்த குழந்தையை முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழியும்வரை வீட்டுக்குள்ளேயே பேணும் வழக்கம் அச்சுவேலி போன்ற ஊர்களில் இன்றும் உண்டு. அந்த நாள்களுக்குள், பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் வாரத்தில், உயிருக்கே உலை வைக்கும் பரம்பரை நோயொன்று தலைகாட்டுகின்றது. அதிரீனல் சுரப்பியின் பிறவிக் குறைபாடே அது.

சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமைந்த இச்சுரப்பி, நோயையும் அதிர்ச்சியையும் தாங்க உதவும் கோட்டிசோலையும், உடலின் உப்பைக் காக்கும் அல்டொஸ்தெரோனையும் சுரக்கின்றது. இவற்றை ஆக்கும் நொதியம் ஒன்று பிறவியிலேயே பழுதுபட்டால் இரண்டும் குன்றி, ஆண்தன்மை தரும் ஓமோன்கள் மிகுந்துவிடும். கடுமையான வகையில் உப்பு சிறுநீருடன் கழியும். குழந்தை பாலை மறுக்கும், சத்தி எடுக்கும், நிறை குறைந்து சோர்ந்துவிடும். கிருமித்தொற்று என்றோ பால் செமிக்கவில்லை என்றோ எண்ணிக் காலம் கடத்துவதுதான் ஆபத்து.

பெண் குழந்தையாயின் பிறப்புறுப்பின் மாறுபட்ட தோற்றம் முதல்நாளே வைத்தியரை எச்சரித்துவிடும். ஆண் குழந்தையின் தோற்றத்தில் குறையேதும் தென்படாது. அதனால் நோய் கண்டறியப்படாமலே இறப்பவர்களில் ஆண் குழந்தைகளே அதிகம் எனக் கருதப்படுகின்றது. முன்னர் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் இறந்த குடும்பமாயின் அதனை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிரக தோஷம் என்று தாயைக் குறை கூறுவது வீண்பேச்சு. பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தாலன்றி இந்நோய் வராது. அத்தகைய பெற்றோரின் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. நெருங்கிய உறவில் மணம் முடிப்போரிடையே இது கூடுதலாகும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து பெருநகரங்களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட சிசுக்களைப் பரிசோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, 5,762 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. சென்னையில் மட்டும் அது 2,036 பேரில் ஒருவர். இவ்வேறுபாடு நம்மவர் சிந்தனைக்குரியது.

குருதியில் சோடியம் குறைந்து பொட்டாசியம் ஏறியிருப்பது முதற் சான்று. 17-ஐதரொக்சிப் புரோஜெஸ்தரோன் பெருமளவில் உயர்ந்திருப்பது நோயை உறுதி செய்யும். குதிக்காலில் எடுக்கும் குருதித் துளியிலேயே இதனை அளக்கலாம் என்பது 1977 முதல் அறியப்பட்டது. குறைமாதக் குழந்தைகளில் நோயின்றியும் அளவு உயர்வதால் மறுபரிசோதனை அவசியம். ஆயினும் கவலைக்கிடமான குழந்தைக்கு முடிவு வரும்வரை காத்திராமல், குருதி மாதிரியை எடுத்துக்கொண்டு உடனே ஐதரோகோட்டிசோன் ஊசியும் உப்புநீரும் ஏற்ற வேண்டும்.

தைரொயிட் குறைபாட்டுக்காகச் சிசுக்களின் குதிக்காலில் குருதி எடுக்கும் திட்டம் இலங்கையில் நடைமுறையில் உள்ளது. அதே துளியில் இந்நோயையும் பரிசோதிக்க முடியும் என்பதைச் சுகாதார அமைச்சு கருத்திற்கொள்ள வேண்டும். மருந்து குளிசைகளே, ஆனால் ஆயுள் முழுவதும் தேவை. காய்ச்சல் கண்டால் வைத்தியர் சொன்னபடி அளவைக் கூட்டவும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.