காற்றிற் கலந்த குரல்கள்

இலங்கை வானொலியின் ஒலிவாங்கி முன்னிருந்தோர் பின்னர் எய்திய நிலைகள் பலவாம். இந்தி ஒலிபரப்பில் அறிவிப்பாளராயிருந்த சுனில் தத், 1955இல் திரையுலகம் புகுந்தார். 2004இல் இந்திய மத்திய அமைச்சருமானார். ஆங்கிலப் பிரிவினரான வேர்ணன் கொறயா இலண்டன் பிபிசியிற் பணியாற்றினார்.

தமிழ்ப் பிரிவினர் நிலை யாது? எஸ். பி. மயில்வாகனன் பெயரைத் தமிழகமும் நன்கறிந்தது. பி. எச். அப்துல் ஹமீத், 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியைத் தமிழகத் தொலைக்காட்சிக்கும் கொண்டு சென்றார். கே. எஸ். ராஜாவோ கொழும்பிற் கொலையுண்டார்.

எழுத்தாளன் மறைந்தபின் அவன் நூல் எஞ்சும். அறிவிப்பாளனுக்குப் பெரும்பாலும் எஞ்சுவது கேட்டோர் நினைவே. லகர, ளகர, ழகர வேறுபாட்டை வகுப்பறைக்கு வெளியே நம்மவர் செவிக்கு உணர்த்தியோர் இவர்கள். கேட்டவர்களும் முதுமையெய்திவிட்டனர். மாணவர்காள், உங்கள் இல்லத்து முதியோரை வினவுங்கள். அவர்கள் சொல்வனவற்றை இன்றே எழுதிவையுங்கள்.