காது பொத்தும் பிள்ளைக்குக் கோலம் ஏன்?

பள்ளிபாளையம், குமாரபாளையம் தெருக்களில் விசைத்தறிச் சத்தம் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் சிலருக்கு மட்டும் அது பழகுவதே இல்லை. காதைப் பொத்திக்கொள்வார்கள். ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை அவர்கள் மூளை கையாளும் விதம் வேறு.

கலைவழிச் சிகிச்சைக்கு இங்கேதான் வேலை. புள்ளிக்கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த புள்ளி எங்கே என்பது முன்பே தெரியும். ஒரே வளைவு திரும்பத் திரும்ப வரும். திடீர் மாற்றத்துக்குப் பதறும் பிள்ளைக்கு இந்த ஒழுங்கு நிம்மதி தரலாம். பேச வேண்டியதில்லை, முகம் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் ஒரு இழை, பிள்ளை ஒரு இழை என்று போடும்போது இருவர் கவனமும் ஒரே இடத்தில் கூடுகிறது. பேச்சு வளர அது ஒரு முக்கிய அடித்தளம். களிமண் பிசைவதும் இச்சிகிச்சையில் உண்டு; ஆனால் அதன் பிசுபிசுப்பு சிலருக்கு அருவருப்பு. அவர்களுக்குத் தூரிகை கொடுங்கள். கையைப் பிடித்து மண்ணில் அழுத்துவது சிகிச்சை அல்ல, வதை.

பலன் எவ்வளவு? கலைவழிச் சிகிச்சையின் இன்னொரு வகையான இசைச் சிகிச்சையை 9 நாடுகளில் 364 குழந்தைகளிடம் சோதித்த ஆய்வு 2017இல் வெளியானது. ஐந்து மாத முடிவில், அச்சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே ஆட்டிச அறிகுறிகளின் தீவிரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஓவியம் பற்றிய ஆய்வுகளோ பெரும்பாலும் சிறியவை. எனவே, வரைந்தால் ஆட்டிசம் போய்விடும் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். பேச்சுப் பயிற்சியை நிறுத்தவும் வேண்டாம். பிள்ளைக்கு ஆட்டிசமோ என்ற சந்தேகம் இருந்தால், அரசு மருத்துவமனையில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் முதலில் காட்டுங்கள்.